மலைச்சிங்கம் நம் தெருவில்: கலிபோர்னியாவில் குடியிருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் குப்பர்டினோ, சாரட்டோகா, ஃப்ரீமான்ட், சான் ரமோன் என மலையடிவார ஊர்களில் வீடு வாங்கிய நம்மவர்களின் வாட்சப் குழுக்களில் இந்தப் பேச்சு அவ்வப்போது கிளம்பும். யாராவது வாசல் கேமராவில் விழுந்த மங்கலான படம் ஒன்றைப் போடுவார். அடுத்த ஒரு மணி நேரத்துக்கு வேறு பேச்சே இருக்காது. அங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் எழுதியிருக்கிறேன். மலைச்சிங்கம், பூமா, கூகர் எல்லாம் ஒரே விலங்குதான். எழுத வசதியாகப் பூமா என்றே வைத்துக்கொள்கிறேன்.

கேமராவில் தெரிந்தது பூமாதானா?

முதலில் வாலைப் பாருங்கள். பூமாவின் வால் தடிமனாக, கிட்டத்தட்ட மூன்றடி நீளம் இருக்கும், நுனி மட்டும் கறுப்பு. நடக்கும்போது கீழே தொங்கி, முனையில் லேசாக மேலே வளையும். வால் குட்டையாக இருந்தால் அது பாப்கேட் என்ற சிறிய காட்டுப்பூனை. அது கோழியைத் தூக்கும், மனிதரைப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. உடல் வளர்ந்த பூமாவுக்கு ஒரே மண் நிறம்தான். குட்டிகளுக்கு மட்டும் புள்ளிகள் உண்டு, வளர வளர மங்கிவிடும்.

இரவுக் கேமராவில் அளவு பிடிபடாது. பூமாவைப் பார்த்ததாக வரும் புகார்களில் பல கடைசியில் பாப்கேட்டாகவோ, கயோட்டி என்ற சிறு ஓநாயாகவோ, நாயாகவோ முடிகின்றன. பக்கத்து வீட்டுக் கொழுத்த பூனைகூட லென்ஸுக்கு அருகில் வந்தால் மிரட்டலாகத்தான் தெரியும். மறுநாள் காலையில் அந்த இடத்தில் ஒரு குப்பைத் தொட்டியை வைத்துப் படத்தோடு ஒப்பிட்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

சிங்கம் என்கிறார்கள். சிங்கத்தின் இனமா?

இல்லை. சிங்கம், புலி, சிறுத்தை ஆகியவற்றின் பேரினத்தில் இது சேராது. இதற்குக் கர்ஜிக்க வராது. வீட்டுப் பூனை மாதிரி குறுகுறுக்கும். உறவுமுறையில் சிங்கத்தைவிடச் சிவிங்கிப்புலிதான் நெருக்கம். ஆண் 55 முதல் 70 கிலோ வரை இருக்கும், பெண் அதைவிடக் கணிசமாகச் சிறியது. கனடாவின் யூகான் பகுதியிலிருந்து சிலி நாட்டின் தென்முனை வரை வாழ்கிறது. அமெரிக்கக் கண்டங்களில் இவ்வளவு பரந்து வாழும் காட்டுப் பாலூட்டி வேறில்லை.

முன்பெல்லாம் இந்தப் பேச்சே இல்லையே. எண்ணிக்கை பெருகிவிட்டதா?

பெருகியவை கேமராக்கள்தான். கலிபோர்னியாவில் 4,000 முதல் 6,000 பூமாக்கள் இருக்கலாம் என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். அண்மையில் இன்னும் கவனமாக எடுத்த கணக்கில் அது 3,200-க்கும் 4,500-க்கும் இடையே என்று இறங்கியது. எப்போதும் இரவில்தான் நடமாடின. நாம் தூங்கிக்கொண்டிருந்தோம், படம் பிடிக்க ஆளில்லை.

இன்னொன்று, அவை நம் இடத்துக்கு வந்தன என்று சொல்வதைவிட, அவற்றின் மான் மேய்ந்த மலைச்சரிவில் நாம் வீடு கட்டினோம் என்பதே சரி. கட்டியதோடு விடாமல் ரோஜா, புல்தரை, சொட்டுநீர் என்று மானுக்குப் பிடித்ததையெல்லாம் வைத்தோம். லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸ் பக்கம் பட்டப்பகலில் மான்கள் தோட்டத்தில் படுத்திருப்பதைப் பார்க்கலாம். மான் வருகிற இடத்துக்குப் பூமாவும் வரும். பெரிய பூமா ஒன்றுக்கு ஏறக்குறைய வாரம் ஒரு மான் தேவைப்படும்.

மலையை விட்டு ஊருக்குள் ஏன் வருகிறது?

தெருவில் சிக்குவது பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வயது இளம் ஆண்தான். தாயைவிட்டுப் பிரியும் வயது அது. பிரிந்த பிறகு தனக்கென ஓர் எல்லையைத் தேடவேண்டும். தெற்கு கலிபோர்னியாவின் சான்டா மோனிகா மலைகளில் கழுத்துப்பட்டை மாட்டிக் கண்காணித்ததில், வளர்ந்த ஆண் ஒன்றின் எல்லை சராசரியாக 370 சதுர கி.மீ. வருகிறது. அத்தனை பெரிய இடத்தில் இன்னோர் ஆணை அது சகிக்காது, கண்டால் கொன்றுவிடும். எனவே இளசு ஓடியே ஆகவேண்டும். ஓடும் வழியில் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் எட்டுவழிச் சாலை, நடுவில் உங்கள் வீட்டுச் சந்து.

2020 ஜூனில் ஓர் இளம் ஆண் சான் பிரான்சிஸ்கோ நகர நடுவில் கட்டடக் கண்ணாடியில் தன் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டு சுற்றியது. பேஸ்பால் மைதானத்துக்கு அருகே பிடித்தார்கள். 2004-ல் பாலோ ஆல்டோவில் ஒரு குடியிருப்பு மரத்தில் ஏறியிருந்ததைப் போலீஸ் சுட்டுவிட்டது. எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு என் மனதில் நிற்கும் உதாரணம் 2011-ல் நடந்தது. கிழக்குக் கரையிலுள்ள கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு காரில் அடிபட்டு இறந்த ஆண் பூமாவின் மரபணுவைப் பார்த்தால், அது தெற்கு டகோட்டாவின் பிளாக் ஹில்ஸ் மலையில் பிறந்தது. நேர்க்கோட்டில் அளந்தாலே 2,400 கி.மீ. அளவுக்கு வரும். இத்தனையும் ஒரு துணை தேடி.

மனிதரைத் தாக்குமா?

தாக்கியிருக்கிறது, கொன்றும் இருக்கிறது. ஆனால் மிக அரிது. வட அமெரிக்கா முழுவதும் நூறு ஆண்டுகளுக்கு மேலான பதிவில் சாவுகள் சுமார் 30. அமெரிக்காவில் ஒரே ஆண்டில் நாய்களால் இறப்பவர்கள் அதைவிட அதிகம்.

கலிபோர்னியாவில் 1994-ல் இரண்டு பெண்கள் இறந்தார்கள். ஒருவர் எல் டொராடோ மாவட்டத்தில் தனியாக ஓட்டப் பயிற்சிக்குப் போனவர், மற்றவர் சான் டியேகோ அருகே குயமாகா பூங்காவில் நடந்தவர். 2004 ஜனவரியில் ஆரஞ்சு மாவட்டத்தின் வைட்டிங் ராஞ்ச் பூங்காவில் சைக்கிள் ஓட்டி ஒருவரைக் கொன்றது. அதே நாளில் அதே பாதையில் வந்த ஒரு பெண்ணின் தலையைக் கவ்வி இழுத்தபோது, கூட வந்த தோழி அவர் காலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை, அவர் பிழைத்தார். அதற்குப் பிறகு இருபது ஆண்டுகள் மாநிலத்தில் சாவே இல்லை. 2024 மார்ச்சில் எல் டொராடோ மாவட்டத்தின் ஜார்ஜ்டவுன் அருகே, உதிர்ந்த மான் கொம்பு பொறுக்கப் போன அண்ணன் தம்பி இருவரைத் தாக்கியது. 21 வயது அண்ணன் இறந்தார், 18 வயதுத் தம்பி காயத்தோடு தப்பினார். எதிரே பூமா வந்தால் என்ன செய்யவேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, செய்யவும் செய்தார்கள். இதைச் சொல்லாமல் விட்டால் கீழே வரும் அறிவுரைகளுக்கு அர்த்தமில்லை. அவை ஆபத்தைக் குறைக்கும், ஒழிக்காது.

குழந்தைகளுக்கு ஆபத்து கூடுதலா?

ஆமாம். சிறிய உருவம், உயர்ந்த குரல், திடீர் ஓட்டம் மூன்றும் இரையை நினைவுபடுத்துபவை. நம்மவர்கள் வார இறுதியில் கூட்டம் கூட்டமாகப் போகும் ராஞ்சோ சான் அன்டோனியோ பூங்காவிலேயே 2020 பிப்ரவரியில் ஆறு வயதுச் சிறுமியை ஒரு பூமா புதரிலிருந்து பாய்ந்து பிடித்தது. பெரியவர்களும் பிள்ளைகளுமாகத்தான் நடந்திருக்கிறார்கள். கூட வந்த ஒருவர் பூமாவைத் தள்ளிவிட, அது ஓடிவிட்டது. 2021 ஆகஸ்டில் கலபாசஸில் ஐந்து வயதுப் பையனை வீட்டு வாசலிலிருந்தே இழுத்துப் போனது. அம்மா ஓடிவந்து வெறுங்கையால் குத்தி விடுவித்தார். 2024 செப்டம்பரில் மலிபு க்ரீக் பூங்காவில் குடும்பமாக உணவருந்தப் போன இடத்தில் இன்னோர் ஐந்து வயதுக் குழந்தை, இந்த முறை காப்பாற்றியது அப்பா.

இந்த மூன்றிலும் பிள்ளை பிழைத்ததற்குக் காரணம், ஒரு பெரியவர் சில அடி தூரத்தில் இருந்ததும், தயங்காமல் விலங்கின் மேல் பாய்ந்ததும்தான். ஆகவே பாதையில் பிள்ளைகளை முன்னால் ஓடவிட்டுவிட்டுப் பின்னால் ஐபிஎல் பேசிக்கொண்டு வராதீர்கள். சின்னவர்கள் நடுவில், பெரியவர்கள் முன்னும் பின்னும்.

எதிரே நின்றுவிட்டால் என்ன செய்வது?

ஓடக்கூடாது. இது ஒன்றை மட்டும் நினைவில் வைத்தாலும் போதும். ஓடினால் துரத்துவது பூனைக்கு அனிச்சைச் செயல்.

நின்று அதன் கண்ணைப் பாருங்கள். கைகளை உயர்த்துங்கள், ஜாக்கெட்டை விரித்துப் பிடியுங்கள், உரக்கக் கத்துங்கள். தமிழில் திட்டலாம், தடையில்லை. குழந்தை இருந்தால் உடனே தூக்கிக்கொள்ளுங்கள், ஆனால் முதுகை வளைத்துக் குனியாமல், முழங்காலை மடக்கி. குனிந்த மனிதன் நான்குகால் விலங்கு மாதிரித் தெரிவான், கழுத்தும் திறந்து கிடக்கும். பார்வையை எடுக்காமல் மெதுவாகப் பின்வாங்குங்கள், அது தப்பிப் போக வழிவிடுங்கள். நெருங்கி வந்தால் கையில் கிடைப்பதை எறியுங்கள்: கல், தண்ணீர் பாட்டில், எதுவானாலும். பாய்ந்தேவிட்டால் செத்தவர் போல் படுக்காதீர்கள், திருப்பி அடியுங்கள். முகத்தையும் கண்ணையும் குறிவையுங்கள், கழுத்தைக் காத்துக்கொள்ளுங்கள். 2019-ல் கொலராடோவில் ஓட்டப் பயிற்சிக்குப் போன ஒருவர், தன் மேல் பாய்ந்த இளம் பூமாவைக் கீழே அமுக்கி மூச்சுத் திணறவைத்தே கொன்று பிழைத்தார்.

இலை, மண், குச்சி போட்டு அரைகுறையாக மூடிய மான் சடலத்தைக் கண்டால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். அது பூமாவின் சேமிப்பு. சொந்தக்காரர் அருகிலேயே படுத்திருக்கலாம்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா ஐந்தரை மணிக்கே நடைக்குக் கிளம்பிவிடுகிறார். தடுக்கவேண்டுமா?

தடுத்தால் கேட்பாரா? நேரத்தைக் கொஞ்சம் தள்ளச் சொல்லுங்கள். பூமா சுறுசுறுப்பாக இருப்பது அந்தியிலும் விடியலிலும் இரவிலும். வெளிச்சம் நன்றாக வந்தபின் போகட்டும், மலைப்பாதையை விட்டுக் குடியிருப்புச் சாலையில் நடக்கட்டும், துணைக்கு ஒருவர் இருந்தால் நல்லது. இரண்டு காதிலும் ஏர்பாட் மாட்டிக்கொண்டு சுப்ரபாதம் கேட்பதை வீட்டுக்கு வந்து வைத்துக்கொள்ளலாம். கைத்தடி எடுத்துப் போனால் நாய்க்கும் ஆகும். உண்மையில் அந்த இருட்டில் அவருக்குப் பெரிய ஆபத்து, இடது வலது பார்க்காமல் சாலையைக் கடப்பதுதான்.

நம்மைப் பார்த்தால் அது பயப்படுமா, பழகிப்போய்விட்டதா?

நல்ல கேள்வி. சான்டா க்ரூஸ் மலைகளில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2017-ல் வெளியிட்டார்கள். பூமா மானைக் கொன்று வைத்த இடத்தில் ஒரு ஒலிபெருக்கியையும் கேமராவையும் மறைத்துவைத்தார்கள். பூமா சாப்பிட வந்ததும் சில முறை மனிதர் பேசும் குரல், சில முறை தவளைச் சத்தம். தவளைக்கு அசையவில்லை. மனிதக் குரல் கேட்டால் பெரும்பாலும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடியது, திரும்பிவர நேரமெடுத்தது, தின்னும் நேரமும் குறைந்தது. வானொலிப் பேச்சு நிகழ்ச்சிக் குரலுக்கே இந்தப் பாடு. வீடுகள் நெருங்கிய இடத்தில் நம் சத்தத்தால் இரையைப் பாதியில் விட்டுவிட்டு, அது அடிக்கடி வேட்டையாட நேர்கிறது. ஆக பயம் இருக்கிறது, பசி வந்தால் அதையும் மீறி வருகிறது.

வீட்டில் நாய் வளர்க்கிறோம். என்ன கவனம் வேண்டும்?

இரவில் உள்ளே. அந்தி, விடியல் இரண்டிலும் நாயைத் தனியாகக் கொல்லைக்கு விடவேண்டாம். நாய், பூனைச் சாப்பாட்டை வெளியே வைத்தால் ரக்கூன் வரும், ரக்கூனைத் தேடிப் பெரியது வரும்.

சுவர் உயரம் பற்றிக் கேட்பார்கள். நின்ற இடத்திலிருந்து பதினைந்து அடி வரை எகிறக்கூடிய விலங்கு அது. ஆறடி மரவேலி எல்லையைக் காட்டும், அவ்வளவுதான். கதவைப் பற்றியும் சொல்லவேண்டும். 2017 ஏப்ரலில் பெஸ்கடேரோவில் காற்றுக்காகப் படுக்கையறைக் கதவைச் சற்றுத் திறந்துவைத்துத் தூங்கிய பெண்ணின் கட்டில் ஓரத்திலிருந்தே நாயைக் கவ்விப் போய்விட்டது.

ஆடு, கோழி வைத்திருப்பவர்கள்?

மோதலின் மையம் இங்கேதான் இருக்கிறது. மலைப்பாதையில் நடக்கும் தாக்குதல் செய்தியாகும், ஆட்டுப்பட்டியில் நடப்பது பெரும்பாலும் செய்தியாவதில்லை. ஆனால் பூமாவின் சாவு அங்கேதான் எழுதப்படுகிறது. கலிபோர்னியாவில் பூமா வேட்டைக்குத் தடை உண்டு. அதே சட்டத்தில், வளர்ப்பு விலங்கை இழந்தவர் அரசிடம் அனுமதி கேட்டு அந்தப் பூமாவைக் கொல்ல வழியும் உண்டு.

2016 நவம்பரில் மலிபு மலையில் ஆய்வாளர்கள் பி-45 என்று எண்ணிட்ட ஆண் ஒரே இரவில் பத்து அல்பகாக்களை (கம்பளிக்காக வளர்க்கும் ஒட்டக இன விலங்கு) கொன்றுபோட்டது. தின்றது கொஞ்சம்தான். கொலைவெறி என்று பலர் கொதித்தார்கள். காட்டில் ஒரு மானைப் பிடித்தால் மற்றவை ஓடிவிடும், வேட்டை அங்கே முடிந்துவிடும். பட்டியில் ஓட வழியில்லை. பூமாவைச் சுற்றி மிரண்டு ஓடிக்கொண்டே இருக்கும் விலங்குகள் அதன் அனிச்சையைத் தூண்டிக்கொண்டே இருக்கும். உரிமையாளருக்கு அனுமதி வழங்கப்பட்டது, ஊரே இரண்டுபட்டது, கடைசியில் பி-45 கொல்லப்படவில்லை. அந்தச் சண்டையின் விளைவாக 2017 டிசம்பரில் சான்டா மோனிகா, சான்டா ஆனா மலைகளுக்கு மாநில வனவிலங்குத் துறை ஒரு விதி வைத்தது. முதல் இரண்டு முறை உயிர்போகாத வழிகளில் விரட்டத்தான் அனுமதி. அதன் பிறகும் இழப்பு தொடர்ந்தால் கொல்ல அனுமதி. 2020-ல் சான்டா க்ரூஸ் மலைகள் உள்ளிட்ட பகுதிகளுக்கும் இதை நீட்டினார்கள். விதி வந்தும் 2020 ஜனவரியில் பி-56 என்ற ஆண், ஆடுகளைத் தொடர்ந்து கொன்றதால் சட்டப்படியே சுடப்பட்டது. இனப்பெருக்க வயது ஆண்கள் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்த மலைத்தொடர் அது.

என் கருத்தில் இந்தச் சண்டையில் பாதி தேவையில்லாதது. நான்கு பக்கமும் உறுதியான வலை, மேலே கூரை, இரவில் பூட்டு: இந்த மூன்றும் இருக்கும் பட்டிக்குள் பூமா நுழைவதில்லை. விளக்கு, வானொலி, அசைந்தால் எரியும் மின்விளக்கு எல்லாம் சில நாள் வேலைசெய்யும், பிறகு பழகிவிடும். காவல் நாய் உதவும். கூரைக்கு மாற்று ஒன்றும் இல்லை. பொழுதுபோக்குக்கு நாலு ஆடு வாங்கத் தெரிந்தவர்கள் கூரைக்குச் செலவழிக்கத் தயங்குவதும், பிறகு அனுமதிச்சீட்டு கேட்பதும் எனக்கு ஒப்பவில்லை. கால்நடையே பிழைப்பாக, நூறு ஏக்கரில் மேய்ப்பவர் நிலைமை வேறு. எல்லாவற்றையும் கூரைக்கு அடியில் அடைக்க அவரால் முடியாது, அவர் கோபம் நியாயமானது.

ஆபத்தென்றால் சுட்டுவிட்டுப் போகலாமே? ஏன் இத்தனை பாதுகாப்பு?

ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். 1907 முதல் 1963 வரை கொன்று கொண்டுவருபவருக்கு அரசே பரிசுப்பணம் கொடுத்தது. 12,000-க்கும் மேற்பட்டவை அப்படிப் போயின. 1970-களின் தொடக்கத்தில் வேட்டைக்குத் தற்காலிகத் தடை வந்தது. 1990-ல் மக்கள் வாக்கெடுப்பில் நிரந்தரத் தடையாகியது. 1994-ன் இரண்டு சாவுகளுக்குப் பிறகு 1996-ல் அந்தத் தடையைத் தளர்த்த மறுபடி வாக்கெடுப்பு வைத்தார்கள், மக்கள் நிராகரித்தார்கள். 1994-ல் எல் டொராடோவில் இறந்த பெண்ணின் இரண்டு பிள்ளைகளுக்காகத் திரண்ட நிதியைவிட, சுட்டுக்கொன்ற பூமாவின் அனாதைக் குட்டிக்குத் திரண்ட நிதி அதிகம் என்று அப்போது பெரிய விவாதம் நடந்தது. கலிபோர்னியாவின் மனநிலை அது. மெச்சுவதா, நொந்துகொள்வதா, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

உயிருக்கு உடனடி ஆபத்தென்றால் தற்காப்பை யாரும் குற்றம் சொல்லப்போவதில்லை. 2012 டிசம்பரில் ஹாஃப் மூன் பே ஊரில் ஒரு வீட்டுத் திண்ணைக்கு அடியில் ஒண்டியிருந்த இரண்டு பூமாக்களைச் சுட்டார்கள். பார்த்தால் பட்டினியால் மெலிந்த சின்னஞ்சிறு குட்டிகள். அந்தக் கொதிப்பில் 2013-ல் ஒரு சட்டம் வந்தது: மனிதருக்கு உடனடி ஆபத்து இல்லையென்றால் அதிகாரிகள் உயிர்போகாத வழியையே கையாளவேண்டும்.

பிடித்துத் தூரக் காட்டில் விட்டால் தீர்ந்தது அல்லவா?

தீராது. நல்ல காட்டில் ஏற்கெனவே வேறோர் ஆண் இருக்கும், வந்ததைக் கொல்லும். இல்லையென்றால் வந்தது பழைய இடத்துக்கே நடக்கத் தொடங்கி வழியில் சாலையில் சாகும். ஊருக்குள் மாட்டிக்கொண்டதை மயக்கி அருகிலுள்ள மலையில் விடுவது வேறு, அதைச் செய்கிறார்கள். ஆடு தின்று பழகியதைத் தூரத்தில் விட்டால் பிரச்சினை அடுத்த ஊருக்குப் போகும், அவ்வளவே.

லாஸ் ஏஞ்சலிஸின் பி-22 பற்றி ஏன் அவ்வளவு பேசினார்கள்?

தேசியப் பூங்கா சேவை 2002 முதல் சான்டா மோனிகா மலைகளில் பூமாக்களுக்குக் கழுத்துப்பட்டை மாட்டி வருகிறது. எண் வரிசையில் 22-வது இது. மேற்கே மலையில் பிறந்து, 405, 101 என்ற இரண்டு பெரும் நெடுஞ்சாலைகளைக் கடந்து, ஹாலிவுட் எழுத்துகள் நிற்கும் கிரிஃபித் பூங்காவுக்கு வந்துசேர்ந்தது. 2012 பிப்ரவரியில் ஒரு தானியங்கிக் கேமராவில் முதன்முதலாகச் சிக்கியது. ஆண் ஒன்றுக்கு 370 சதுர கி.மீ. வேண்டும் என்றேன் அல்லவா? இந்தப் பூங்கா ஏறக்குறைய 17 சதுர கி.மீ. நான்கு புறமும் நகரம். அதற்குள் பத்தாண்டு தனியாக வாழ்ந்தது. துணை ஒருபோதும் கிடைக்கவில்லை, வெளியேற வழியும் இல்லை.

2013-ல் நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழில் ஹாலிவுட் எழுத்துகளுக்கு முன் நடந்துபோகும் அதன் படம் வந்தது, பிறகென்ன, உலகப் புகழ். 2015-ல் ஒரு வீட்டின் அடித்தளத்தில் போய்ப் படுத்துக்கொண்டு தொலைக்காட்சி வண்டிகளைக் குவியவைத்தது. எவ்வளவோ விரட்டியும் நகரவில்லை. கூட்டம் கலைந்த பிறகு, இரவில் தானாகவே போய்விட்டது. 2016-ல் விலங்குக்காட்சி சாலையின் கோலா ஒன்று செத்துக் கிடந்தபோது சந்தேகம் இதன் மேல்தான் விழுந்தது. காட்சி சாலையினர் இதைக் கொல்லச் சொல்லவில்லை, தங்கள் விலங்குகளை இரவில் உள்ளே அடைத்தார்கள். எனக்குப் பிடித்த முடிவு அது.

கடைசி மாதங்களில் நடத்தை மாறியது. 2022 நவம்பரில் கயிற்றோடு நடத்திக் கூட்டிப்போன சிவாவா நாயைக் கொன்றது. டிசம்பர் 12-ல் பிடித்துப் பரிசோதித்தார்கள். கார் மோதி மண்டையோட்டில் முறிவு, உதரவிதானம் கிழிந்து உறுப்புகள் மார்புக்குள் ஏறியிருந்தன, சிறுநீரகமும் இதயமும் கெட்டிருந்தன. ஐந்து நாள் கழித்துக் கருணைக்கொலை. 2023 பிப்ரவரியில் கிரீக் தியேட்டரில் நடந்த நினைவு விழாவுக்கு ஆயிரக்கணக்கில் சனம். பின்னர் பழங்குடியினர் தங்கள் முறைப்படி சான்டா மோனிகா மலையில் அடக்கம் செய்தார்கள்.

சாலைகள்தான் உண்மையான எதிரியா?

தெற்கில் ஆமாம். அடிபட்டுச் சாவது ஒரு பக்கம். கடக்கப் பயந்து ஒதுங்குவதால் வரும் கேடு இன்னும் பெரியது. சாலைகளுக்குள் அடைபட்ட கூட்டத்தில் அப்பனும் மகளும் கூடும் நிலை வருகிறது. 2020-ல் சான்டா மோனிகா மலையில் பிடித்த பி-81 என்ற இளம் ஆணுக்கு வால் நுனி மடங்கியிருந்தது, ஒரு விதை இறங்கவே இல்லை. உள்ளினப்பெருக்கத்தின் அடையாளங்கள் இவை.

இதன் முடிவு எங்கே போகும் என்று ஃப்ளோரிடாவில் பார்த்தார்கள். அங்கே பூமாக்கள் 20, 30 என்று சுருங்கி, மடங்கிய வாலும் இதயக் கோளாறுமாகத் தேய்ந்தன. 1995-ல் டெக்சஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட்ட பிறகே பெருகின. கலிபோர்னியாவில் பெண்ணைக் கொண்டுவருவதற்குப் பதில் வழியைத் திறக்கிறார்கள். அகோரா ஹில்ஸில் 101 நெடுஞ்சாலையின் பத்து வழித்தடங்களுக்கு மேலே, ஒரு நாளைக்கு மூன்று லட்சம் வண்டிகள் போகும் இடத்தில், மண்ணும் செடியும் போட்ட பாலம் கட்டும் பணி 2022 ஏப்ரலில் தொடங்கியது. நன்கொடைப் பணமும் இதில் உண்டு. நம் பக்கம் 17-ஆம் நெடுஞ்சாலையில் லாரல் வளைவுக்கு அடியில் ஒரு சுரங்க வழி போட்டிருக்கிறார்கள். சான்டா க்ரூஸ் கடற்கரைக்குப் போகும்போது அதன் மேலேதான் போகிறீர்கள்.

எலி மருந்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இரத்தம் உறையாமல் செய்யும் எலி மருந்தைத் தின்ற எலியைக் கயோட்டி தின்னும், கயோட்டியைப் பூமா தின்னும், விஷம் ஏறிக்கொண்டே போகும். பி-22-க்கு 2014-ல் சொறி பிடித்து முகம் சுருங்கிப் போனபோது இரத்தத்தில் இந்த விஷம் இருந்தது. 2020-ல் இயற்றிய மாநிலச் சட்டம் வீரியமிக்க இரண்டாம் தலைமுறை மருந்துகளுக்குக் கடும் கட்டுப்பாடு விதித்தது. பூச்சி, எலி ஒழிப்பு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டிருந்தால் என்ன வைக்கிறார்கள் என்று கேளுங்கள். பொறியும், ஓட்டையை அடைப்பதும் போதும்.

வால்பாறைச் சிறுத்தை மாதிரி இதைப் பார்க்கலாமா?

எடையும் பதுங்கும் விதமும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் நிலைமை வேறு. வால்பாறையில் தேயிலைத் தோட்டமும், தொழிலாளர் குடியிருப்பும், காட்டுத் துண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. குடியிருப்பு வாசலிலிருந்தே குழந்தைகள் பலியான துயரம் அங்கே உண்டு. இங்கே பூமாவைப் பற்றிக் கவலைப்படும் பெரும்பாலோருக்குப் பூட்டிய வீடும் காரும் இருக்கின்றன. இருட்டில் புதரோரம் நடந்தே தீரவேண்டிய பிழைப்பு இல்லை. கலிபோர்னியாவில் இருந்துகொண்டு அங்கே இருப்பவர்களுக்குச் சேர்ந்து வாழக் கற்றுக்கொடுக்கும் வாட்சப் செய்திகளை அனுப்பாதிருப்பது நல்லது.

பார்த்தால் யாரிடம் சொல்வது?

தாக்குதல், அல்லது விலகாமல் மனிதரைப் பின்தொடர்தல், பள்ளி வளாகத்துக்குள் நிற்பது என்றால் 911. ஆடு, நாய் போயிருந்தால், அல்லது சும்மா பார்த்திருந்தால், கலிபோர்னியா மீன், வனவிலங்குத் துறையின் இணையதளத்தில் வனவிலங்கு நிகழ்வுகளுக்கென்றே ஒரு படிவம் இருக்கிறது. இடம், நேரம், படம் கொடுங்கள். இரவில் தெருவைக் கடந்துபோனது என்பதற்காக யாரும் துப்பாக்கியோடு வரமாட்டார்கள். வரவேண்டிய தேவையும் இல்லை. பூங்காவுக்குள் பார்த்தால் பூங்காக் காவலரிடம் சொல்லுங்கள், பாதையைச் சில நாள் மூடுவார்கள். வாட்சப் குழுவில் போடுவதாக இருந்தால், தயவுசெய்து முதலில் வாலைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.